ஒரே பிளாக், நான்கு கிராங்க்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். லாரி இன்ஜின் வரலாறுதான். கடைசியில் நம் குடும்பத்து விஷயமும் ஒன்று வரும். அண்ணன் பிள்ளைகள் அதுவரை கட்டாயம் படிக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை டெக்சாஸிலிருந்து போன். 1991-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர். இப்போது அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்.

"சார், வீட்ல ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

பயந்துவிட்டேன். விஷயம் வேறு. 1978-ஆம் வருட செவர்லே பிக்கப் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருக்கிறார்கள். அங்கே அதை டிரக் என்பார்கள். உள்ளே இருப்பது 350 என்ற எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். புகை கக்குகிறது, இன்ஜின் வேலை பார்த்தாக வேண்டும். அப்பாவும் பதினேழு வயது மகனும் சேர்ந்து செய்வதாகத் திட்டம். மகன் அடுத்த வருடம் கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவான். அதற்குள் ஒரு வேலையைச் சேர்ந்து முடிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

அப்பா சொல்கிறார்: கம்பெனி செய்த அளவிலேயே கட்டுவோம். மகன் சொல்கிறான்: கிராங்க் ஷாஃப்டை மாற்றி 383 ஸ்ட்ரோக்கராகக் கட்டுவோம். ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

"உங்க கணக்குக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுறோம் சார்" என்றார்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன். இன்ஜினியர் இல்லை. ஆனால் நம் வீட்டில் ஒரு காலத்தில் லாரி ஓடியது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் நிறையப் படித்திருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். சிலிண்டரின் குறுக்கு விட்டம் போர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக்கை முடிவு செய்வது கிராங்க். பாட்டி வீட்டுத் திருகைக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, கை அவ்வளவு பெரிய வட்டம் போடும். கிராங்கிலும் அப்படித்தான். அதன் வளைவு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு ஸ்ட்ரோக்.

சிலிண்டரின் கன அளவு பை ஆர் ஸ்கொயர் எச். மறந்திருந்தால் பெஞ்ச் மேல் ஏறி நில்லுங்கள்! போர் பெருத்தால் அளவு வர்க்கமாக ஏறும். ஸ்ட்ரோக் நீண்டால் நேர் விகிதத்தில் ஏறும். ஆனால் போரைப் பெரிதாக்கச் சிலிண்டர் சுவரைக் கடைய வேண்டும். சுவர் எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் இடம். அதனால்தான் மனிதர்களுக்குக் கிராங்க் மேல் ஆசை வந்தது.

இந்த நீளத்தை எல்லாக் காலத்திலும் இன்ஜினியர்கள் மட்டும் முடிவு செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த வரலாறு. பிரிட்டனில் 1921 முதல் காருக்குக் குதிரைத்திறன் கணக்கில் வரி, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரைத்திறனை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? போரின் வர்க்கத்தை (அங்குலத்தில்) சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 2.5-ஆல் வகுத்தார்கள். அவ்வளவுதான். சூத்திரத்தில் ஸ்ட்ரோக் கிடையாது!

3.75 அங்குலப் போர், நான்கு சிலிண்டர் கொண்ட ஃபோர்டு மாடல் டி-க்கு இந்தக் கணக்கில் 22.5 வரும். போட்டுப் பாருங்கள். 1920களில் வந்த சின்ன ஆஸ்டின் செவன் காருக்கு போர் 56 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. அதற்கு எட்டுக்கும் கீழேதான். வரிக்குப் பயந்து பிரிட்டிஷ் கம்பெனிகள் பல வருடங்கள் ஒடுங்கிய, நெடிய சிலிண்டர்களாகவே செய்தன. 1940களின் இறுதியில் அந்த வரிமுறை போன பிறகுதான் அந்தக் கட்டாயம் தீர்ந்தது.

இதில் ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட ஸ்ட்ரோக் என்றாலே இழுவை அதிகம் என்பார்கள். மொத்தக் கன அளவு மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் பிஸ்டன் முகம் சிறுத்துவிடும், அதன் மேல் விழும் தள்ளலும் குறையும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதை. போரைக் குறைக்காமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் காற்றும் எரிபொருளும் உள்ளே போய் இழுவை கூடும். 'ஸ்ட்ரோக்கர்' என்பது இந்த வேலைதான்.

இதைப் பட்டறையில் பழக்கமாக்கியது அமெரிக்க இளைஞர்கள். 1932-ல் ஹென்றி ஃபோர்டு மலிவு விலையில் வி-8 இன்ஜின் கொண்டுவந்தார். ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். பிறகு லாரிகளிலும் ஓடிய இன்ஜின் அது. 1949-ல் ஃபோர்டின் மெர்குரி காருக்கு அதே வகை இன்ஜின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கோடு வந்தது. உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய கார்களைப் பிரித்துக் கட்டிப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த பையன்கள், மெர்குரி கிராங்க் ஃபோர்டு பிளாக்கில் உட்காரும் என்று கண்டுகொண்டார்கள். காயலான் கடையில் கிராங்க் வாங்கி மாட்டினார்கள். 239 கன அங்குல இன்ஜின் 255 ஆனது. காசு இல்லாதவன் கண்டுபிடித்த வழி இது.

இனி நம் மாணவர் வீட்டு இன்ஜினுக்கு வருவோம். எட் கோல் தலைமையில் செவர்லே இன்ஜினியர்கள் வடிவமைத்த 'ஸ்மால் பிளாக்' 1955 மாடல் கார்களோடு வந்தது. போர் 3.75, ஸ்ட்ரோக் 3 அங்குலம், மொத்தம் 265 கன அங்குலம். 1957-ல் போரை மட்டும் 3.875 ஆக்கி 283. 1962-ல் போர் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.25 ஆகி 327. 1967-ல் அதே 4 அங்குலப் போரில் ஸ்ட்ரோக் 3.48. அதுதான் 350. இத்தனையிலும் ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் நடுவே இருந்த 4.4 அங்குலம் மாறவே இல்லை. வீட்டு மனை அதே அளவுதான். உள்ளே அறைகளை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள்.

அதே 1967-ல் இன்னொன்றும் செய்தார்கள். அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத்தில் 305 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்பது விதி. செவர்லே என்ன செய்தது? 4 அங்குலப் போரோடு 3 அங்குலக் குட்டை ஸ்ட்ரோக்கைச் சேர்த்து 302 இன்ஜின் செய்து கமேரோ இசட்-28 காரில் வைத்தது. குட்டை ஸ்ட்ரோக்கானதால் வேகமாகச் சுழலும், பந்தயத்துக்குப் பொருத்தம். ஆக, ஒரே போர். பந்தயத்துக்கு 3 அங்குலம், அன்றாடக் காருக்கு 3.25, சுமை இழுக்க 3.48. எது உசத்தி என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. என்ன வேலைக்கு என்பதுதான் கேள்வி.

செவர்லே மட்டும் இல்லை. ஃபோர்டு 1965-ல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் 240, 300 என்று இரண்டு. இரண்டுக்கும் போர் 4 அங்குலம். ஸ்ட்ரோக் ஒன்றில் 3.18, மற்றதில் 3.98. நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட 300 பிக்கப் வண்டிகளில் 1996 வரை நிலைத்தது. நம் ஊரில் ஓடிய டாடா லாரி இன்ஜின்களின் பெயரையே பாருங்கள். 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர், ஸ்ட்ரோக் 120. 697 என்றால் 97 மில்லிமீட்டர் போர், ஸ்ட்ரோக் 128. சுமை கூடக் கூட இரண்டையும் கூட்டியிருக்கிறார்கள்.

1970-ல் செவர்லே அந்த ஸ்மால் பிளாக்கை 400 கன அங்குலம் வரை இழுத்தது. போர் 4.125, ஸ்ட்ரோக் 3.75. இங்கே மனை போதவில்லை. சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓட இடமில்லாமல் சுவரோடு சுவராக ஒட்டி வார்த்தார்கள். அங்கே தங்கும் நீராவி வெளியேற பிளாக்கிலும் ஹெட்டிலும் தனியாகத் துளை போட வேண்டியிருந்தது. அந்தத் துளை இல்லாத ஹெட்டை மாட்டி இன்ஜினைச் சூடேற்றிக் கெடுத்தவர்கள் உண்டு. 1980-ல் 400 நின்றது. ஆனால் அதன் கிராங்க் காயலான் கடைகளில் கிடைத்தது.

மெர்குரி கதை திரும்பவும் நடந்தது. 350 பிளாக்கில் 400 கிராங்க். நேராக உட்காராது. 400 கிராங்கின் மெயின் ஜர்னல், அதாவது பேரிங்கில் சுழலும் பகுதி, 2.65 அங்குலம். 350-க்கு 2.45. லேத்தில் கடைந்து குறைத்தார்கள். தேய்ந்த சிலிண்டரை 0.030 அங்குலம் கூடுதலாகக் கடைந்து ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டார்கள். 4.030 போர், 3.75 ஸ்ட்ரோக், எட்டு சிலிண்டர். பெருக்கினால் 382.7. அதுதான் 383. பிறகு ஜெனரல் மோட்டார்ஸே 383 இன்ஜினைத் தயாராகக் கட்டி டிரக் வைத்திருப்பவர்களுக்கு விற்கத் தொடங்கியது. கொல்லைப்புறத்தில் பிறந்த பிள்ளை முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்த கதை இது.

இதுவரை சொன்னதும் மறுமுனையில் மகன் குரல்: "அப்போ 383தானே தாத்தா?"

"இருப்பா, இன்னும் கணக்கே போடல" என்றேன்.

முதல் கணக்கு. உங்கள் இன்ஜின் தேய்ந்திருக்கிறது. எப்படிக் கட்டினாலும் 0.030 கடையப் போகிறீர்கள். அப்பா கேட்கும் பழைய கிராங்கிலேயே அது 355 கன அங்குலம் ஆகிவிடும். ஆகவே போட்டி 350-க்கும் 383-க்கும் இல்லை, 355-க்கும் 383-க்கும். வித்தியாசம் எட்டு சதவீதம்கூட முழுதாக இல்லை. 3.75-ஐ 3.48-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இரண்டாவது கணக்கு. நிமிடத்துக்கு 4000 சுற்றில் 3.48 ஸ்ட்ரோக் பிஸ்டனின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 2320 அடி. 3.75-ல் 2500 அடி. பிஸ்டனும் ராடும் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகப் பாடுபடும்.

மூன்றாவது, கூடவே வரும் செலவு. பிஸ்டன் 0.135 அங்குலம் கூடுதலாக மேலே ஏறும், அதனால் பின் துளை உயர்ந்த பிஸ்டன் வேண்டும். ஹெட் மாறாமல் கன அளவு மட்டும் கூடுவதால் கம்ப்ரஷன் ஏறும். சாதாரண பெட்ரோலில் ஓட வேண்டுமானால் பிஸ்டன் தலை குழிந்ததாக இருக்க வேண்டும். ராடின் போல்ட் பிளாக்கின் அடி ஓரத்திலும் கேம் ஷாஃப்டிலும் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து, பிளாக்கில் இடிக்கும் இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். முக்கியமாக, 400 கிராங்குக்குச் சமநிலை எடை வெளியே இருக்கிறது. முன்னால் டேம்பரிலும் பின்னால் ஃப்ளைவீலிலும். 400 வகைக் கிராங்கைப் போட்டுப் பழைய டேம்பரையே மாட்டினால் அதிர்ந்து அதிர்ந்து பேரிங் போய்விடும். இதற்கெல்லாம் பிறகு ரேடியேட்டர், கியர் பாக்ஸ் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? மூச்சு விடும் ஹெட் அதேதான் என்பதால் உச்ச வேகத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுவை கூடும். டிரெய்லர் இழுக்கும் டிரக்குக்கு அது உண்மையான லாபம். மறுக்க மாட்டேன்.

இங்கே நிறுத்தினேன். தீர்ப்பு சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்பதை அடுத்த ஞாயிறுதான் அவர்களிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

அண்ணன் பிள்ளைகளே, உங்கள் அப்பா லாரியை ஏன் விற்றார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "நேரம் சரியில்லை" என்றுதான் அவர் சொல்லுவார். முழுக் கதை இது.

1986. சங்ககிரியிலிருந்து பெங்களூருக்கு சிமெண்ட் நடை. லாரி தவணையில் இருந்தது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நான் லாரிக் கணக்கு நோட்டை எழுதினேன். ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நடைக்கு இரண்டு டன் கூடுதலாக ஏற்றினால் முப்பது தவணை இருபத்திரண்டில் தீரும். அண்ணன் தயங்கினார். நான்தான் நோட்டைக் காட்டி, "கணக்கு பொய் சொல்லாதுண்ணா" என்றேன்.

கூடுதல் சுமை இழுக்க, பம்ப்பில் டீசலைக் கூட்டி வைக்கச் சொல்லிப் பட்டறைக்குப் போனோம். வயதான மெக்கானிக் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்ஜின் இழுக்கும் வாத்தியாரே. பேரிங் இழுக்குமா?" நான் சிரித்தேன். இருபத்தேழு வயது.

ஏழு மாதம் கணக்கு சரியாகவே ஓடியது. எட்டாவது மாதம் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கிராங்க் முறிந்தது. ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பின்னால் வண்டி வராததால் அண்ணன் பிழைத்தார். லாரி மீது குறை இல்லை. அது தாங்கும் அளவைத் தாண்டி ஏற்றியது நாங்கள். புது இன்ஜின் போட வழியில்லை. லாரி போனது. அண்ணியின் வளையலும் போனது. அதன்பின் அண்ணன் கடைசிவரை இன்னொருவர் வண்டியைத்தான் ஓட்டினார்.

என் பெருக்கலில் தப்பு இல்லை. வரவை மட்டும் எழுதி, அந்த வரவுக்காக எது எது கூடுதலாகப் பாடுபட வேண்டும் என்பதை நோட்டில் எழுதவே இல்லை. அதுதான் தப்பு. அண்ணன் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாணவர், "அப்போ பழைய கிராங்கே போடச் சொல்றீங்களா சார்?" என்றார்.

இல்லை. என் பயம் அவர்களுக்கு விதியாகக் கூடாது. என் அண்ணன் லாரியில் எதையும் மாற்றாமல் சுமையை மட்டும் கூட்டினோம். முறையாகக் கட்டிய 383 அப்படிப்பட்டது இல்லை. ஆகவே இப்படிச் சொன்னேன்.

"இரண்டு பேரும் சேர்ந்து இன்ஜினைப் பிரியுங்கள். பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். போரையும் கிராங்க் ஜர்னலையும் அளந்து எழுதுங்கள். கிராங்க் நன்றாக இருந்து, டிரக் வாரம் ஒருமுறை கடைக்குப் போகத்தான் என்றால் பழைய அளவே போதும், பணம் மிச்சம். கிராங்க் போய்விட்டது, எப்படியும் ஒன்று வாங்கியாக வேண்டும், டிரெய்லரும் இழுக்க வேண்டும் என்றால் 3.75 வாங்குவதில் தப்பில்லை. ஆனால் வாங்குமுன் அதனோடு மாற வேண்டியவை அத்தனையையும் பேரன் ஒரு தாளில் எழுதட்டும். ஒன்றுகூட விடக்கூடாது. தாள் முழுதாக இல்லையென்றால் அப்பா சொல்வதே முடிவு."

நேற்று மாணவர் பேசினார். பிளாக் நன்றாக இருக்கிறதாம். கிராங்கில் இரண்டு ஜர்னல் ஆழமாகக் கீறி, கிரைண்டிங் செய்தாலும் தேறாது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். நண்பர் பண்ணைக்கு வைக்கோல் டிரெய்லர் இழுக்கவும் வேண்டுமாம். அப்பா 383-க்குச் சம்மதித்துவிட்டார்.

"அளக்கும்போதே பேச ஆரம்பிச்சுட்டோம் சார். மைக்ரோமீட்டரை அவன் பிடிக்க, நான் எழுத..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ராத்திரி பேரன் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். விலையோடு பத்தொன்பது வரிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் டேம்பரைத் தேடினேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது.

கீழே சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டு, அதைப் படம் எடுத்து அவனுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு ஒரு போன் செய்யுங்கள். சித்தப்பா காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்